செனெக்கா நாடகங்கள்: கேட்டதும் சொன்னதும்

'மெடியா'வைக் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் எழுதியாயிற்றே. ரோமானியர் செனெக்காவுடையது காப்பிதானே?

கதை ஒன்று, நாடகம் வேறு. தன்னைக் கைவிட்ட கணவன் ஜேசனைப் பழிவாங்க மெடியா தன் பிள்ளைகளையே கொல்கிற கதை. யூரிப்பிடீஸில் (கி.மு. 431) பிள்ளைகள் வீட்டுக்குள் சாகிறார்கள், நமக்கு அலறல்தான் கேட்கும். செனெக்காவின் மெடியா ஒருவனைக் கொன்று, அந்த உடலோடு கூரையேறுகிறாள். "தண்டனைக்கு ஒருவன் போதும்" என்று ஜேசன் மன்றாட மன்றாட, மற்றவனையும் அவன் கண்ணெதிரே முடிக்கிறாள். சபை முன்னால் மெடியா பிள்ளைகளைக் கொல்லக் கூடாதென்று ரோமக் கவிஞர் ஹொரேஸ் விதியே எழுதிவைத்திருந்தார். செனெக்கா சட்டை செய்யவில்லை. முடிவும் வேறு: யூரிப்பிடீஸின் ஜேசன் ஜீயஸிடம் முறையிடுகிறான், செனெக்காவின் ஜேசனோ மெடியாவிடம், நீ போகுமிடத்தில் தெய்வங்களே இல்லை என்கிறான்.

தத்துவஞானி செனெக்காவும் இவரும் ஒருவரா?

ஒருவரேதான். ரோமப் பேரரசன் நீரோவின் ஆசான். கி.பி. 65இல் அந்த மாணவனின் ஆணைப்படியே தன் உயிரைப் போக்கிக்கொண்டார்.

'ஆக்டேவியா' நாடகத்தில் நீரோவையே சாடினாரே, என்ன துணிச்சல்!

எத்தனை முறை சொல்வது, அது அவர் எழுதியதல்ல! நீரோவின் சாவு அதில் ஆரூடமாக வருகிறது. நீரோ செத்தது 68இல்.

இவை மேடையேறினவா, வாசிக்கத்தானா?

தீராத வழக்கு. 'இடிபஸ்' நாடகத்தில் பலி கொடுத்த மாட்டின் குடலைப் பார்த்துப் பார்த்து, பார்வையற்ற தந்தை தைரேசியஸுக்கு மகள் மாந்தோ விவரிக்கிறாள். மேடையில் மாட்டை அறுப்பார்களா என்பது வாசிப்புக் கட்சியின் வாதம்.

ஏன் முடியாது? ரோமத் தளபதி பாம்பே கட்டிய அரங்கில் 600 கோவேறு கழுதைகள் வந்தனவே?

சரியான இடத்தில் மடக்குகிறீர்கள். கி.மு. 55, திறப்பு விழா, 'கிளைதெம்னெஸ்ட்ரா' நாடகம். ரோமப் பேச்சாளர் சிசரோ தன் கடிதத்தில் சலித்துக்கொள்கிறார். ஆனால் அது செனெக்காவுக்கு நூறாண்டு முந்தியது. தவிர, கழுதையை நடத்திக் கூட்டிவருவதும் குடலில் குறி பார்ப்பதும் ஒன்றா? முன்வரிசைக்காரனுக்கே ஈரல் தெரியாது. அவனும் தைரேசியஸைப் போல மாந்தோவின் வாயை நம்பித்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். மாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் காட்சி நடக்கும். அதனால் நான் மேடைக் கட்சி.

கழுதைகள் சாணி போட்டிருக்காதா?

சிசரோ எழுதவில்லை.

தத்துவஞானியும் இவரும்...

மேலே பாருங்கள் ஐயா.

எதில் தொடங்கலாம்?

'தையெஸ்டீஸ்'. அண்ணன் ஏட்ரியஸ், தம்பி தையெஸ்டீஸின் பிள்ளைகளையே சமைத்துத் தம்பிக்குப் பரிமாறுகிறான். சூரியன் பாதி வழியில் திரும்பிப்போகிறது. தம்பிக்கு ஒன்றும் தெரியாது. குடி மிஞ்சி, கையில் தலையைத் தாங்கிச் சாய்ந்து கிடக்கிறான். ஏட்ரியஸ் ஒளிந்து பார்த்தபடி நமக்குச் சொல்கிறான்: "ஏப்பம் விடுகிறான்." லத்தீனில் ஒரே சொல். அடுத்த மூச்சிலேயே, வானவர்களில் மிக உயர்ந்தவன் நானே என்கிறான்.