வாசகர் கேள்வி பதில்: அசையாத படத்தில் அசையும் தீ

கேள்வி: கார்த்திகை விளக்கீட்டுக்குக் கட்டிய சொக்கப்பனையை, கொளுத்துவதற்கு முன்னர் பிற்பகலில் படம் எடுத்தேன். பின்னால் கடல். அது எரிவதுபோல் 10 செக்கன் காணொளி செய்ய, கறுப்புப் பின்னணியில் எடுத்த தீக் காட்சியொன்றை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் மேல் லேயராக (அடுக்காக) வைத்து ஸ்கிரீன் என்ற கலப்பு முறையைப் போட்டேன். தீயின் மேற்பாதி வெளிறுகிறது. சுற்றிவரச் சாம்பல் நிறப் பெட்டி தெரிகிறது. மொத்தத்தில் ஒட்டி வைத்ததுபோலவே இருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, உவர்மலை

பதில்: மூன்று குறைக்கும் மூன்று காரணங்கள் உண்டு. ஸ்கிரீன் முறை கீழுள்ள படத்தின் வெளிச்சத்தோடு தீயின் வெளிச்சத்தைச் சேர்க்கிறது. பிற்பகல் வானமும் கடல் மினுக்கமும் ஏற்கெனவே வெள்ளைக்கு அருகில் நிற்பதால், அங்கே சேர்ப்பதற்கு இடமில்லை; தீ கரைந்துவிடுகிறது. முதலில் படத்தை அந்திக்குக் கொண்டுபோங்கள். எக்ஸ்போஷரை 2 ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, நிறத்தைச் சற்று நீலப் பக்கம் தள்ளுங்கள். வானத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு (எல்லை வரைந்து பிரித்து) இன்னும் ஒரு ஸ்டொப் இறக்கலாம்.

சாம்பல் பெட்டிக்குக் காரணம், தீக் காட்சியின் கறுப்பு முழுக் கறுப்பாக இல்லாதது. அந்த லேயரில் லெவல்ஸ் போட்டு, இன்புட் பிளாக்கை (எந்த அளவு இருட்டுவரை முழுக் கறுப்பாக்குவது என்பதை) 0 இலிருந்து மெதுவாக உயர்த்துங்கள். பெரும்பாலும் 15 முதல் 25க்குள் பெட்டி மறைந்துவிடும். 40ஐத் தாண்டினால் தீயின் மெல்லிய ஓரங்கள் கத்தரித்ததுபோல் ஆகிவிடும். அதற்குப் பிறகும் பெட்டி தெரிந்தால், ஓரத்தை மாஸ்க் ஃபெதர் கொண்டு கரையுங்கள்.

ஒட்டி வைத்ததுபோல் தெரிவதுதான் கவனமாகத் திருத்த வேண்டிய குறை. தீ எரிந்தால் பக்கத்திலுள்ள மணலும் மதிலும் ஆட்களின் முகமும் சிவக்க வேண்டும். பலர் செம்மஞ்சள் சொலிட் (ஒரே நிற லேயர்) ஒன்றைத் தரைக்கு மேல் போடுகிறார்கள். அது நிழலையும் சேர்த்து மெழுகிவிடும். அதைவிட, மூலப் படத்தின் பிரதியொன்றை எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டிச் செம்மஞ்சளாக்கி, தீயைச் சுற்றி 250 பிக்சல் ஃபெதருடன் மாஸ்க் செய்து, இருட்டாக்கிய படத்துக்கு மேல் வையுங்கள். மணலின் சொரசொரப்பும் கால்தடமும் அப்படியே நிற்க, ஒளி மட்டும் விழும். அதன் ஒப்பாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) 60இல் வைத்து, மதிப்பைத் தானாக ஆட்டும் விகிள் எக்ஸ்பிரஷனில் செக்கனுக்கு 2 தடவை, 12 அளவு என்று கொடுத்தால் ஒளி துடிக்கும்.

ஏன் 2? பெரிய தீ மெதுவாகத்தான் மூச்சு விடும். அடியில் 1 மீற்றர் அகலமுள்ள தீ செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தடவை எழும்பி அடங்கும். 10 சென்றிமீற்றர் தீயோ ஐந்து தடவை. உங்கள் தீக் காட்சி சிறு தட்டில் எரித்து எடுத்ததானால், அதைப் பெருப்பித்ததும் சொக்கப்பனை விளையாட்டுப் பொருள்போல் தெரியும். வேகத்தை மூன்றில் ஒன்றாக்குங்கள். ஆனால் செக்கனுக்கு 25 ஃபிரேமில் எடுத்த காட்சி அவ்வளவு மெதுவானால் வெட்டி வெட்டி ஓடும். இடையிலுள்ள ஃபிரேம்களை ஊகித்து உருவாக்கும் பிக்சல் மோஷனும் இங்கே உதவாது: ஃபிரேமுக்கு ஃபிரேம் உருமாறும் சுடரில் அது பின்தொடரப் புள்ளி கிடைக்காமல், தீ பாகுபோல் இழுபடும். பெரிய தீயை எடுத்த காட்சியையோ, 60 ஃபிரேமுக்கு மேல் எடுத்ததையோ தேடிப் பிடிப்பதே நல்லது.

தீ ஒரே லேயராக இருக்கவும் கூடாது. முன்னால் நீட்டி நிற்கும் ஓலைகளைத் தனியே வெட்டியெடுத்து, ஒரு தீயை அவற்றுக்குப் பின்னாலும் இரண்டை முன்னாலும் வையுங்கள். ஒரே காட்சியின் பிரதிகளானால், ஒன்றை இடவலமாகத் திருப்பி, தொடக்கத்தை 30 ஃபிரேம் தள்ளி, அளவை 85 வீதமாக்குங்கள். சேர்ந்தாற்போல் ஆடும் இரண்டு சுடர்களைக் கண் உடனே பிடித்துவிடும். படத்தில் கொடியும் தென்னோலையும் கடற்காற்றுக்கு எந்தப் பக்கம் சாய்கின்றனவோ, தீயும் அந்தப் பக்கமே சாய வேண்டும்.

தீக்கு மேலே வெப்ப அலை வேண்டுமானால் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் (கீழுள்ள லேயர்களை மாற்றும் லேயர்) படத்தை நெளியவைக்கும் டர்புலன்ட் டிஸ்பிளேஸ் போட்டு அளவு 6, சைஸ் 18 என்று வைத்து, நெளிவு நேரத்தோடு மாறுவதற்கு இவலூஷனில் கீஃபிரேம் போடுங்கள். அதற்கு மேல் கூட்டினால் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

கேள்வி: குத்துவிளக்குப் படமொன்றில் சுடரை ஆடவிட்டு, திரும்பத் திரும்ப ஓடும் காணொளி செய்கிறேன். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது சுடர் துள்ளுகிறது.
— வாசகர், நிலாவெளி

பதில்: சுடர்க் காட்சியை நடுவில் வெட்டி, பின்பாதியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். வெட்டிய இடத்தில் முன்பு அடுத்தடுத்து இருந்த ஃபிரேம்களே இப்போது தொடக்கமும் முடிவும் ஆகின்றன; அதனால் சுற்று முடியுமிடத்தில் துள்ளல் இராது. துள்ளல் நடுவுக்கு வந்துவிடும். அங்கே இரு பாதிகளையும் 6 முதல் 8 ஃபிரேம் மேற்கவித்து, ஒன்று மங்க மற்றது தெளியும்படி டிசொல்வ் செய்யுங்கள். இரு பக்கமும் சுடர் நேராக நிற்கும் தருணமாகப் பாருங்கள். ஒன்று சாய்ந்தும் மற்றது நிமிர்ந்தும் இருந்தால் ஒரு திரியில் இரண்டு சுடர் தெரியும்.

கேள்வி: கணினியில் அழகாக இருக்கும் தீ, வட்ஸ்அப்பில் அனுப்பியதும் கட்டம் கட்டமாகிறது. ஏன்?
— வாசகர், சாம்பல்தீவு

பதில்: காணொளிச் சுருக்கம், முந்தைய ஃபிரேமிலிருந்து மாறாத பகுதியை மறுபடி எழுதாமல் விட்டு இடத்தை மிச்சம் பிடிக்கிறது. தீயில் மாறாத பகுதி மிகக் குறைவு. வட்ஸ்அப் மேலும் சுருக்கும்போது முதலில் உடைவது தீயும் இருட்டும்தான். எச்.264 என்ற சுருக்க முறையில், 1080 அளவில், 16 முதல் 20 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு மெகாபிட்) வைத்து எடுத்து, காணொளியாக அனுப்பாமல் டொகியுமென்டாக அனுப்புங்கள். இருண்ட வானத்தில் மெல்லிய கிரெய்ன் (பொடிப்புள்ளி) சேர்த்தால் அங்கே தெரியும் பட்டைக் கோடுகளும் குறையும்.