கைவினை கேள்வி–பதில்: களிமண் உருவங்கள்

குளத்துக் களிமண்ணில் ஒரு சாண் உயரத்தில், நிற்கும் பெண் உருவம் செய்தேன். பலத்துக்காக உள்ளே இரும்புக் கம்பி வைத்தேன். காய்ந்ததும் கழுத்திலும் கணுக்காலிலும் வெடித்துவிட்டது. ஏன்?
– வாசகி, தேனி

கம்பி வைத்ததால்தான். தண்ணீர் விட்டுப் பிசைந்த மண் காயும்போது சுருங்கும். பத்து அங்குல உருவம் அரை அங்குலம்கூடக் குறையலாம். கம்பி சுருங்காதே! மண் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே பிளக்கும்.

நிற்கும் உருவம்தான் வேண்டும் என்றால் புடவைக் கொசுவத்தைத் தரைவரை இறக்கி, அதையே தூணாக்குங்கள். கால்களைத் தனியாகச் செய்யாதீர்கள், பாதத்தின் நுனி மட்டும் வெளியே தெரிந்தால் போதும். கைகளும் உடம்பை ஒட்டியே இருக்கட்டும். ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்தால் சுருக்கம் குறையும்.

தலையையும் கையையும் ஒட்டும்போது இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைத் தயிர்ப் பதத்தில் கரைத்துத் தடவி அழுத்துங்கள். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டியது காய்ந்ததும் கழன்றுவிடும். பிறகு நிழலில் உலர்த்தவும். விரல், மூக்கு போன்ற மெல்லிய இடங்கள் முந்திக் காயாமல் இருக்க, முதல் இரண்டு நாள் அவற்றின்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வையுங்கள். வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து இறுகும்; அதுவும் விரிசலில்தான் முடியும்.

முகம் எப்படிச் செய்தாலும் பொம்மை மாதிரி இல்லை, ஏதோ விகாரமாக இருக்கிறது.
– வாசகர், விருதுநகர்

அநேகமாகக் கண்ணை நெற்றியில் வைத்திருப்பீர்கள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில் வரவேண்டியது கண். இரண்டு கண்களுக்கும் நடுவே ஒரு கண்ணின் அகலம் இடைவெளி விடுங்கள். கண்ணை மேலே வரைந்து ஒட்டுவதைவிட, முதலில் கட்டைவிரலால் இரண்டு குழி அழுத்தி, அதற்குள் சிறு உருண்டை வைத்து, மெல்லிய பட்டையை இமையாகப் போர்த்துங்கள்.

உடம்புக்கும் தலையே அளவுகோல். வளர்ந்தவருக்கு ஏழு முதல் ஏழரைத் தலை உயரம், ஐந்து வயதுக் குழந்தைக்கு ஐந்து முதல் ஆறு. கையைத் தொங்கவிட்டால் விரல்நுனி நடுத்தொடைவரை வரும். ஈர்க்குச்சியில் தலையின் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். வெறும் கண்மதிப்பை ஆரம்பத்தில் நம்ப வேண்டாம்.

பாலிமர் களிமண் (அடுப்புச் சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் களிமண்) பொம்மையை ஓடிஜி என்ற சின்ன மின் அடுப்பில் சுட்டேன். வெளியே கருகியது, உள்ளே தொட்டால் பொடிகிறது.
– வாசகி, கோவை

சூடு கூடிவிட்டது, நேரம் போதவில்லை. பெரும்பாலான பாலிமர் களிமண்ணுக்கு 130 டிகிரி செல்சியஸ் சரி. உங்கள் பாக்கெட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கனம் 6 மில்லிமீட்டர் என்றால் 30 நிமிடம் வைக்கலாம். சின்ன ஓடிஜியில் முள் காட்டுவது ஒன்று, உள்ளே இருக்கும் சூடு வேறு. அடுப்புக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி உள்ளே வையுங்கள். சூடாக்கும் கம்பிகளுக்குப் பக்கத்தில் பொம்மை வேண்டாம், மேலே அலுமினியத் தாளைக் கூடாரம்போல் மூடுங்கள்.

உருவத்தை முழுக்கக் களிமண்ணாலேயே நிரப்ப வேண்டியதில்லை. அலுமினியத் தாளை இறுக்கிக் கசக்கி உள்கூடு செய்து, மேலே 5 மில்லிமீட்டர் களிமண் போர்த்தினால் சீராக வேகும், காசும் மிச்சம். கம்பி வைக்க வேண்டிய இடம் இதுதான்: இந்தக் களிமண் மிகக் கொஞ்சமே சுருங்கும்.

பாலிமர் களிமண் பிவிசி என்ற பிளாஸ்டிக் கலந்த பொருள். கருகினால் வரும் புகை கெடுதல், உடனே நிறுத்தி ஜன்னலைத் திறங்கள். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது.

சூளையில் வைத்த பொம்மை வெடித்துச் சிதறியது. காற்றுக்குமிழியா?
– வாசகர், பண்ருட்டி

பழி காற்றுக்குமிழிமேல் விழும்; பெரும்பாலும் காரணம் உள்ளே தங்கிய ஈரம். 100 டிகிரியைத் தாண்டியதும் அது நீராவியாகி வழி தேடும். உருவம் ஓரளவு இறுகியதும், நகத்தால் அழுத்தினால் தடம் பதியும் பதத்தில், அடியிலிருந்து குடைந்து சுவரை 2 சென்டிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். உள்வெற்றிடத்திலிருந்து வெளியே ஒரு துளை அவசியம். கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை, சூளைக்கு அனுப்பாதீர்கள்.