ஆட்டுக்கு எந்த வேலி?

கேள்வி: எட்டயபுரம் பக்கம் எனக்கு ஓர் ஏக்கர் கரிசல் நிலம் உள்ளது. அதில் முப்பது கன்னி இன ஆடுகளும் குட்டிகளும் வளர்க்கிறேன். தெருநாய்த் தொல்லை தாங்கமுடியவில்லை. வேலி போடுபவர், ஐந்து வரி முள்கம்பியே போதும் என்கிறார்; இல்லையென்றால் நான்கு அங்குலக் கண்ணுள்ள 12 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) கம்பிவலை அமைத்துத் தருவதாகச் சொல்கிறார். எதை ஏற்பது?

பதில்: இரண்டையும் அப்படியே ஏற்க வேண்டாம். முள்கம்பியைக் கண்டு மாடு ஒதுங்கும். ஆடோ இரண்டு வரிகளுக்கு நடுவே தலையை நுழைத்து, தோல் கிழிந்தாலும் அப்பால் உள்ள தழையை எட்டிவிடும். பால் கொடுக்கும் ஆட்டுக்கு மடி கிழிந்தால் குட்டியும் சேர்ந்து வாடும். நாயையும் அது தடுக்காது.

நான்கு அங்குலக் கண்ணில் வேறு ஆபத்து உண்டு. இளம் ஆட்டின் கொம்பு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் தலை எளிதாக உள்ளே போகும், திரும்பும்போது தூண்டில் முள்ளைப் போல மாட்டிக்கொள்ளும். இரவில் அப்படிச் சிக்கிய ஆடு நாய்க்கு இரையாகிவிடும். எனவே சுற்றிலும் மூன்று அங்குலக் கண்ணுள்ள 10 கேஜ் வலையும், குட்டிகளை அடைக்கும் பகுதிக்கு இரண்டு அங்குலக் கண்ணும் கேளுங்கள்.

கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதால், 10 கேஜ் என்றால் ஏறத்தாழ 3.25 மி.மீ., 12 கேஜ் என்றால் 2.64 மி.மீ. என்று விலைப்புள்ளியில் மில்லிமீட்டரிலேயே எழுதி வாங்குங்கள். பிளாஸ்டிக் உறையிட்ட வலையில் உறையின் கனத்தையும் சேர்த்து அளவு சொல்வதுண்டு. உள்ளிருக்கும் கம்பியின் கனம்தான் கணக்கு. சுருள் வந்து இறங்கியதும் நான்கைந்து இடங்களில் காலிப்பர் (கம்பியின் கனம் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள்.

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மண்ணை மட்டும் போட்டு மிதித்து நிறுத்திய வேலிக்கால் சீக்கிரமே சாய்ந்துவிடும். ஆகவே எட்டடிக் காலாக வாங்கி, மூன்றடியைக் குழியில் இறக்கிக் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். மேலே ஐந்தடி நிற்கும். சதுரமான ஓர் ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி, பத்தடிக்கு ஒன்றாக 84 கால் பிடிக்கும். நிலம் நீளவாக்கில் இருந்தால் கூடும் என்பதால், டேப் பிடித்து அளந்த பிறகே விலை பேசுங்கள்.

வேலை நடக்கும்போது நீங்கள் கூடவே நில்லுங்கள். ஆடு முன்னங்கால்களைத் தூக்கி வைத்து வலையில் சாயும். வலை வேலிக்காலின் உட்புறம் இருந்தால்தான் அந்தப் பாரத்தை வேலிக்கால் தாங்கும், வெளிப்புறம் கட்டினால் கட்டுக்கம்பி அறுந்துபோகும். மூலைக்கால்களுக்குச் சாய்வாகக் கொடுக்கும் முட்டுக்காலை உள்ளே வைத்தால் ஆடு அதில் ஏறித் தாண்டிவிடும், ஆகவே அது வெளியே இருக்கட்டும். நாய் தோண்டி நுழையாதபடி வலையின் அடியை அரை அடி மண்ணில் புதைத்து, மேலே கல் அடுக்குங்கள். வீட்டு மின்சாரத்தை வேலியில் இணைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்; அது உயிரைப் பறிக்கும், சட்டப்படியும் குற்றம்.

முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காமல் ஒரு பகுதியை வேலை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். கேஜ், கண் அளவு, உயரம் மூன்றும் பதிந்த ஜி.எஸ்.டி. பில் அவசியம். சொன்னதற்கு மாறான பொருள் வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு அங்கே கட்டணம் இல்லை. வந்திறங்கிய வலையில் ஒரு முழத் துண்டை வெட்டி, பில்லோடு சேர்த்து வீட்டில் வைத்திருங்கள்.