கண்டிச்சீமைக் காப்பி

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஆச்சியின் பூட்டனார் கண்டிச்சீமைக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனவர் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இலங்கை என்றால் தேயிலைதானே? ஆச்சிக்கு ஞாபகம் பிசகியிருக்குமோ?

வாசகர், பணகுடி

அன்புள்ள நண்பருக்கு,

ஆச்சி சொல்வது சரிதான். தேயிலைக்கு முன்னால் கண்டி மலைகளில் நின்றது காப்பி. அந்தத் தோட்டங்களுக்கு நம் ஜில்லாவிலிருந்தும் மதுரை, ராமநாதபுரம், திருச்சி பக்கங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள்.

தொடக்கத்தை ஜமைக்காவில் தேட வேண்டும். 1834-ல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தபின் அங்கே காப்பி விளைச்சல் சரிந்தது. மறு ஆண்டே இலங்கைக் காப்பிக்கான இறக்குமதி வரியை லண்டன் குறைத்தது. துரைமார் கண்டிக் காடுகளை வெட்டிச் சாய்த்தார்கள். கங்காணி முன்பணம் கொடுத்து, அதாவது கடனில் கட்டி, ஊர் ஊராக ஆள் திரட்டினார். தோணியில் மன்னார்க் கரை இறங்கியவர்கள் அங்கிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் அந்த வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம்.

காப்பிக்குப் பழம் சிவக்கும் சில மாதங்களில்தான் கைகள் நிறைய வேண்டும். ஆகவே போனவர்களில் பெரும்பாலோர் பறிப்பு முடிந்ததும் கூலியோடு ஊர் திரும்பினார்கள். அவர்களில் எத்தனை பேர் தாங்கள் பறித்ததைக் குடித்துப் பார்த்திருப்பார்கள் என்பது ஐயமே. காப்பி நம் பக்கத்து வீடுகளில் அன்றாடப் பானமானது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். (பானம் வந்து சேர்ந்தபின் அதன் பெயர் எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது: சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கவைப்பதையும் காப்பி என்கிறோம், ஒரு கொட்டைகூட அதில் இல்லாவிட்டாலும்.)

1869-ல் இலங்கைத் தோட்டங்களில் இலைத்துரு என்ற பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி பூக்கும், தொட்டால் விரலில் ஒட்டும், பிறகு இலை உதிர்ந்து செடி மொட்டையாக நிற்கும். உலகச் சந்தையில் விலை ஏறியிருந்ததால் துரைமார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளைச்சல் குறையக் குறையப் புதுக்காடு வெட்டி, 1870-களின் இறுதியில் 2,50,000 ஏக்கருக்கு மேல் காப்பி நட்டிருந்தார்கள். பேராசை என்றுதான் அதைச் சொல்வேன். 1884-ல் அவர்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியும் மூழ்கியது. அதே பூஞ்சை 1970-ல் பிரேசிலையும் எட்டியது.

காப்பி நின்ற இடத்தில் தேயிலை வந்தது. அதன் கொழுந்தை ஆண்டு முழுவதும், வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை கிள்ளியாக வேண்டும் என்பதால், வந்து போகும் கூலியாட்கள் போதாமல் குடும்பங்களையே லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடிவைத்தார்கள். மலையகத் தமிழர் அங்கே நிலைத்த குடிகளானதற்கு இந்தப் பயிர் மாற்றம் ஒரு பெருங்காரணம்.

பூட்டனார் தனியாகப் போய்ச் சில மாதங்களில் திரும்பிவிடுவாரா, வருடக்கணக்கில் தங்கினாரா என்று ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள். முதலாவது என்றால், அது பெரும்பாலும் காப்பிக் காலம்.