அடிக்கரண்டி: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தை இரண்டு வருடமாக வாசிக்கிறேன். அனிமே எனும் ஜப்பானிய அனிமேஷன் பற்றி அவ்வப்போது ஓரிரு வரி எழுதுகிறீர்கள் என்பதால் இதைக் கேட்கத் துணிந்தேன். விடுதி நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, அனிமே பாத்திரங்கள் செய்த கொடூரங்களில் உச்சமானவை எவை என்று பத்து இடம் கொண்ட பட்டியல் ஒன்று போட்டோம். முதலிடத்துக்குத்தான் சண்டை. 'பெர்செர்க்'கில் தன் படையையே பேய்களுக்குப் பலிகொடுத்த கிரிஃபித் என்பது நண்பர்கள் கட்சி. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'டில் பெற்ற மகளை நாயோடு சேர்த்து ஒரே மிருகமாக்கிய ஷோ டக்கர் என்பது என் கட்சி. 'அட்டாக் ஆன் டைட்டன்' எரென் மனித இனத்தில் நூற்றுக்கு எண்பது பேரைக் கொன்றும் எங்களிடம் நான்காவதுதான். ஒரு சிறுமியின் கதி ஏன் ஐயா கோடிக்கணக்கானவர்களின் சாவைவிட அதிகம் வலிக்கிறது? (என் தங்கைக்கு அந்த எபிசோடைப் போட்டுக்காட்டி அவள் முகத்தை வீடியோ எடுத்தேன். பத்து வயது. இரண்டு நாள் தூங்கவில்லை!) அனிமேயை இலக்கியம் என்று ஒத்துக்கொள்வீர்களா? பட்டியலை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

முதலில் ஒரு திட்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு டக்கரின் மகள் நினாவின் கதையைப் போட்டுவிட்டு, அவள் கதையைப் பார்க்க, நீங்கள் போனை நீட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்திருக்கிறீர்கள். கடைசியில் ஆச்சரியக்குறி வேறு. பட்டியலில் பதினோராவதாக இதையும் சேர்த்திருக்கலாம்.

இலக்கியமா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கிரிஃபித்தைப் பற்றியும் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. நண்பர்களைக் கொடுத்து தெய்வ நிலையை வாங்கினான். அந்தப் படையிலிருந்த காஸ்கா என்ற பெண்ணுக்கு அவன் செய்ததை, அதுவும் அவளை நேசித்த கதாநாயகன் கட்ஸின் கண்முன்னால் செய்ததை, என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை. 1997இல் வந்த தொடர் 25 எபிசோடுகள் ஓடி அந்தப் பலி நடக்கும் கிரகணத்திலேயே போய் முட்டி நின்றுவிடுகிறது. அவ்வளவு நேரம் அந்தப் படையோடு நம்மையும் குளிர்காய வைத்ததால்தான் அப்படி எரிகிறது. எரென் விஷயத்தில் உங்கள் கேள்விக்கான பதில் அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது. எண்பது சதவீதத்தை நசுக்கப் போகிறவன், அதற்கு முன் ராம்சி என்ற அகதிச் சிறுவன் முன்னால் மண்டியிட்டு அழுகிறான். பிறகு அந்தப் பையனின் மேல்தான் அவன் கிளப்பிவிட்ட ராட்சதர்களின் கால்கள் இறங்குகின்றன. எண்ணிக்கையை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ராம்சியை வைத்துக்கொள்வார்கள் என்று படைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

டக்கர் பக்கம் நீங்கள் நிற்பது சரிதான். ஆனால் காரணம் உங்களுக்குப் பிடிபடவில்லை. நினா குழந்தை, சடை போட்டவள், அலெக்சாண்டர் என்கிற பெரிய நாயைக் கட்டிக்கொண்டு திரிபவள் என்பதெல்லாம் நம்மை அழவைக்க. அந்த ஆளை நான் மறக்காமல் இருப்பது வேறொன்றுக்காக. அவர் அரசாங்க ரசவாதி. வருடா வருடம் மதிப்பீடு உண்டு. ஆராய்ச்சியில் ஒன்றும் காட்டாவிட்டால் உரிமம் போய்விடும், மறுபடி வறுமை. அவ்வளவுதான் அவர் பிரச்சினை. உலகத்தை ஆள நினைக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தார். பேசும் கலப்பு மிருகத்தைச் செய்து உரிமம் வாங்கியது எப்போது என்று கதாநாயகன் எட்வர்ட் கேட்கிறான். இரண்டு வருடத்துக்கு முன். மனைவி வீட்டை விட்டுப் போனது எப்போது? இரண்டு வருடத்துக்கு முன். கூட்டல் கழித்தல் அங்கேயே முடிந்துவிடுகிறது. நினாவாக இருந்த மிருகம் எட்வர்டை 'அண்ணா' என்று கூப்பிட்டதற்கு நீங்கள் அழுதிருப்பீர்கள். எனக்கு அந்த இரண்டு தேதிகள்தான்.

(இந்தக் கதையைப் படைத்த ஹிரோமு அரகாவா ஜப்பானின் ஹொக்கைடோவில் பால்பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். உயிருக்கும் தீனிக்கும் கணக்குப் போடும் வீடு எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

இப்போது உங்கள் ஏழாவது இடத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்: அந்த அத்தை (சோத்துப் பிசாசு)' என்று போட்டிருக்கிறீர்கள். பிசாசா? பேய்களுக்குப் படையல் போட்டவனுக்கும், உலகத்தை மிதித்தவனுக்கும் நடுவில், கையில் கரண்டி வைத்திருந்த ஒரு விதவையையா நிறுத்துவீர்கள்?

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1988இல் இசாவோ தகஹாதா எடுத்தது. 1945 ஜூனில் கோபே நகரத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் நெருப்புக் குண்டுகளைக் கொட்டுகின்றன. தாய் கருகிச் சாகிறாள். தகப்பன் கடற்படையில். பதினான்கு வயது செய்தாவும் நான்கு வயதுத் தங்கை செட்சுகோவும் நிஷினோமியாவில் இருக்கும் தூரத்து உறவுக்காரப் பெண்மணி வீட்டுக்குப் போகிறார்கள். முதலில் நன்றாகத்தான் வைத்துக்கொள்கிறாள். பிறகு அவர்களின் அம்மாவுடைய கிமோனோக்களை அரிசிக்கு மாற்றலாம் என்கிறாள். அரிசி வருகிறது. கொஞ்ச நாளில் வேலைக்குப் போகும் தன் மகளுக்கும் வீட்டில் தங்கியிருக்கும் ஆளுக்கும் சோறு, இந்த இருவருக்கும் கஞ்சித் தண்ணீர். அது எங்கள் அரிசிதானே என்று பேச்சு எழுகிறது. அப்படியானால் தனியாகப் பொங்கிக்கொள்ளுங்கள் என்கிறாள். பிள்ளைகள் வெளியேறி, குளத்தோரம் ஒரு குண்டுவீச்சுப் பதுங்குகுழியில் குடியிருந்து, பட்டினியில் சாகிறார்கள்.

அவள் அடிக்கவில்லை. கதவைச் சாத்தித் துரத்தவுமில்லை. டக்கருக்கு மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கண் மறைந்துபோகும். அனிமேயில் அது தீயவனுக்குக் குத்தும் முத்திரை. இவளுக்கு அப்படி ஒரு நிழல்கூட விழாது. காலையில் எழுந்து சமைக்கிற ஒரு பெண்ணின் முகம், அவ்வளவுதான். அதனால்தான் உங்கள் ஐந்து பேருக்கும் அவளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

போன ஆகஸ்டில் இதை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். ஜப்பானிய மொழி, கீழே ஆங்கில எழுத்து, இரண்டும் அவளுக்குத் தெரியாது. நான் இடையிடையே கதை சொன்னேன். பொம்மைப் படத்துக்கு எதற்கு இவ்வளவு விளக்கம் என்று முதலில் அலட்சியமாக இருந்தவள், அந்தச் சோற்றுக் காட்சி வந்ததும் கையை நிறுத்திவிட்டாள். நான் அந்தப் பெண்மணியைத் திட்டி ஏதோ சொன்னேன். அம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவ என்னடா தப்புப் பண்ணிட்டா? பெத்ததுக்கும் வேலைக்குப் போறவனுக்கும் போட்டுட்டுத்தான் மிச்சத்த ஊத்துவா. நானும் அப்படித்தான் ஊத்துனேன்."

எங்கள் வீட்டில் சித்தி செத்தபிறகு சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேர் ஐந்து வருடம் இருந்தார்கள். சித்தப்பா லாரியில் வடக்கே போய்விடுவார், பணம் வந்தால் வரும். அப்பாவின் ஒரு சம்பளம், ஒன்பது வாய், ரேஷன் அரிசி. இரவுக்குக் கஞ்சி. அம்மாதான் ஊற்றுவாள். என் தட்டில் கரண்டி கொஞ்சம் ஆழத்திலிருந்து வரும். சித்தப்பா மகனான தம்பிக்கும் அவன் தங்கைக்கும் மேலாக. ஒரு கரண்டி, ஒரே பானை, கையின் சாய்வு மட்டும்தான் வித்தியாசம். ஒன்பது வயதில் எனக்கு அது தெரிந்தது. தெரிந்ததும் என்ன செய்தேன் என்றால், தட்டைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டு வேகமாகச் சாப்பிட்டேன்.

'இடுகிறவள் தன்னவள் ஆனால் அடிப்பந்தியில் இருந்தால் என்ன, கடைப்பந்தியில் இருந்தால் என்ன' என்பார்கள். கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டு சொல்லும் பழமொழி. தன்னவளுக்கு வேண்டியவன் எங்கே உட்கார்ந்தாலும் அவன் இலைக்குக் காய் வந்துவிடும். அவளுக்கு வேண்டாதவன் எங்கே உட்கார்வது என்பதைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்வதில்லை.

அந்தப் படத்துக்கு மூலமான சிறுகதையை 1967இல் எழுதியவர் அகியுகி நொசாகா. தத்தெடுக்கப்பட்டு கோபேயில் வளர்ந்தவர். குண்டுவீச்சில் வளர்ப்புத் தந்தையை இழந்தார். வளர்ப்புத் தங்கையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். அவள் கைக்குழந்தை, ஒன்றரை வயதுகூட ஆகாதவள். ஃபுகுயியில் சத்தில்லாமல் செத்துப்போனாள். கதையில் வரும் அண்ணன் தங்கைக்காகத் திருடுகிறான், அடிபடுகிறான், அவளுக்கு ஊட்டுகிறான். நான் அப்படி இருக்கவில்லை என்று நொசாகா பின்னால் திரும்பத் திரும்ப எழுதினார். குழந்தைக்கென்று எடுத்த உணவைத் தானே தின்றது, அழுகையை நிறுத்த அவள் தலையில் அடித்தது, எல்லாவற்றையும். அப்போது அவருக்கும் செய்தாவின் வயதுதான். அந்தக் கதைக்கு ஜப்பானின் பெரிய இலக்கியப் பரிசுகளில் ஒன்றான நவோகி பரிசு கிடைத்தது. பரிசு வாங்கிய கையால் வாழ்நாள் முழுக்க இந்த ஒப்புதலை எழுதிக்கொண்டிருந்தார். உங்கள் பட்டியலில் அவருக்கு எந்த இடம், ர.? விதவைக்கு மேலேயா கீழேயா?

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மாவுக்கு வக்கீல் வேலை பார்க்கிறேன் என்று எழுதுவீர்கள். ஜப்பானிலேயே இப்போது பலர் அந்தப் பெண்மணி பக்கம்தான். சின்ன வயதில் அவளை வெறுத்தோம், வளர்ந்தபிறகு பார்த்தால் அவள் சொன்னதுதான் நியாயம் என்கிறார்கள். பையன் வேலைக்குப் போகவில்லை, தீயணைக்கப் போகவில்லை, வங்கியில் அம்மாவின் பணம் 7000 யென் இருந்தது, கொஞ்சம் பணிந்துபோயிருந்தால் தங்கை பிழைத்திருப்பாள் என்கிறார்கள். தகஹாதாவுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. ஒன்பது வயதில் ஒகயாமா குண்டுவீச்சில் வெறுங்காலோடு ஓடிய மனிதர் அவர். படம் வந்த 1988இலேயே ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார்: காலம் மறுபடி தலைகீழானால், அந்த விதவையைவிட அதிகமாக நாமே இந்தப் பையனைக் குற்றம் சொல்ல ஆரம்பித்துவிடுவோமோ என்று தனக்குப் பயமாக இருக்கிறது என்று. அம்மா "என்ன தப்பு" என்று கேட்டபோது எனக்கு அந்தப் பயம் நினைவுக்கு வந்தது. அதை எப்படி அவளிடம் சொல்வது?

அவள் கணக்கில் தப்பில்லை. அரிசி அவ்வளவுதான். உழைப்பவன் விழுந்தால் வீடே விழும். இதே வாக்கியத்தைத்தான் அன்றைக்கு அந்த நாடே சொல்லிக்கொண்டிருந்தது, நாட்டுக்காக வேலை செய்பவனுக்குச் சோறு என்று. கடற்படை அதிகாரியின் பிள்ளைகளுக்கே அந்தக் கணக்கில் இடமில்லை. கோபேயின் சன்னோமியா ரயில் நிலையத்தில் தூணோரம் சாய்ந்து செய்தா சாவது 1945 செப்டம்பர் 21. போரில் அநாதையான பிள்ளைகளைக் காப்பதற்கான திட்டத்தை அரசு முடிவு செய்தது அதற்கு முதல் நாள். நொசாகா அதைக் கதையில் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்.

அவள் செய்ததில் எனக்கு ஆறாதது சோறுகூட இல்லை. அம்மா செத்ததைத் தங்கையிடமிருந்து செய்தா மறைத்து வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அப்புறம் போய்ப் பார்க்கலாம் என்று. ஒரு காலையில் செட்சுகோ செத்த மின்மினிகளுக்குக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால், அம்மாவும் குழியில்தானே இருக்கிறாள் என்கிறாள். அந்த வீட்டுப் பெண்மணி சொல்லிவிட்டாளாம். எப்போது சொன்னாள், எந்த எரிச்சலில், பாத்திரம் கழுவும்போதா, எதையும் தகஹாதா காட்டவில்லை. காட்டியிருந்தால் நாமும் அவளைப் பிசாசு என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்போம். யோசித்துப் பாருங்கள், வேண்டுமென்றே சொன்னாள் என்பதற்கே படத்தில் ஆதாரம் இல்லை. வாய் தவறி வந்திருக்கலாம். பரிதாபப்பட்டுக்கூடச் சொல்லியிருக்கலாம்.

பட்டியல் போடும் பழக்கத்தின் மேல் எனக்கிருக்கும் எரிச்சல் இதுதான். பத்தில் ஒன்பது இடத்தை நீங்கள் ஒருநாளும் செய்ய முடியாதவைகளுக்குக் கொடுத்துவிட்டீர்கள். கிரகணத்தில் பேய்களைக் கூப்பிட உங்களால் முடியாது. ஆகவே ஜாலியாகச் சண்டை போடலாம். கரண்டி எல்லார் கையிலும் இருக்கிறது, போனும்தான்.

அம்மா அன்றைக்கு முழுப் படத்தையும் பார்க்கவில்லை. செட்சுகோ கோலிக்குண்டை மிட்டாய் என்று வாயில் போட்டுச் சப்பும் இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரச் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்க்கவில்லை.

தம்பிக்கு இப்போது ஐம்பது வயது. நல்ல வசதி. பொங்கலுக்கு வந்தால் அம்மாவுக்குப் புடவையும் பழமும் கொண்டுவந்து காலில் விழுவான். "பெரியம்மா கையால தின்னு வளந்தவன்" என்று தன் பிள்ளைகளிடம் சொல்வான், உண்மையான பிரியத்தோடு. சாப்பிட உட்கார்ந்தால் என் மனைவி சாம்பாரைக் கலக்கி அடியிலிருந்து காயோடு எடுப்பாள். அவன் கையை நீட்டி மறிப்பான். "மேலாக ஊத்துங்க அண்ணி, எனக்கு அதுதான் பிடிக்கும்" என்பான். வருடா வருடம் சொல்கிறான். பிடிக்குமா என்று நான் கேட்டதில்லை.

தங்கையின் வீடியோவை இன்றைக்கே அழியுங்கள். அழித்ததை அவளிடம் சொல்லவும் செய்யுங்கள்.