பெப்ரவரியில் நின்றுபோகும் வேத வாசிப்பு

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கிறேன். முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறோம். ஆனாலும் விசுவாசத்தில் வளர்ந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தொடங்கி, நாளுக்கு மூன்று அதிகாரம் வாசிக்கிறேன். பெப்ரவரியில் நின்றுபோகிறது. விட்ட நாட்களை நினைத்தால் தேவன் என்மேல் கோபமாக இருப்பார் என்று பயமாக இருக்கிறது. தினமும் கற்றுக்கொள்ள, எங்களைப் போன்றவர்களுக்கு நடக்கக்கூடிய வழி ஏதாவது உண்டா?

பதில்: சகோதரி, முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆதியாகமத்தில் 50 அதிகாரங்கள், யாத்திராகமத்தில் 40. நாளுக்கு மூன்று வீதம் இந்தத் தொண்ணூறும் ஜனவரி 30ஆம் திகதி முடிந்துவிடும். மறுநாள் காலையில் உங்கள் முன்னால் விரிவது லேவியராகமம். சர்வாங்க தகனபலி, போஜனபலி, எந்தக் கொழுப்பை எரிப்பது, எந்தச் சாம்பலை எங்கே கொட்டுவது என்று போகும் 27 அதிகாரங்கள். நீங்கள் பெப்ரவரியில் நிற்பதற்குக் காரணம் அவிசுவாசமல்ல. பாதை அங்கே செங்குத்தாக ஏறுகிறது. நீங்களோ தனியாக, மூன்று அதிகாரச் சுமையோடு ஏறுகிறீர்கள். இருபத்தைந்து ஆண்டுகளாகத் தோட்டங்களில் மாலை வேதபாட வகுப்பு நடத்திவருகிறேன். அதே இடத்தில் நின்றுபோனவர்களை எண்ணினால் ஒரு லயத்தையே, தோட்டத்து வரிசை வீடுகள் முழுவதையுமே, நிரப்பலாம்.

நானும் அவர்களில் ஒருவன்தான். இளம் வயதில், ஒரு வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணையொன்றைக் கதவுப்பக்கம் ஒட்டி, வாசித்த நாளுக்கு ஒரு கோடு போட்டுவந்தேன். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, விட்டுப்போன நான்கு நாட்களின் பன்னிரண்டு அதிகாரங்களையும் கண்ணால் ஓட்டிவிட்டு நான்கு கோடு போட்டேன். மறுநாள் நண்பர் ஒருவர் என்ன வாசித்தாய் என்று கேட்டபோது ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. அட்டவணை நிறைந்திருந்தது. அந்த வாரமே அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

முழு வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க வேண்டும் என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. அதை முடிக்க நாளுக்கு மூன்றுக்கும் சற்று அதிகமாக வாசிக்க வேண்டும். நன்கு பழகியவர்களுக்கு அது நல்ல பயிற்சி. தொடங்குகிறவர் மாற்கு சுவிசேஷத்தை எடுக்கட்டும். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது: 16 அதிகாரங்கள். நாளுக்கு அரை அதிகாரம் என்று வைத்தால் 32 நாட்கள், இடையில் நாலைந்து நாள் விட்டுப்போனாலும் இரண்டாம் மாதத்துக்குள் முடிந்துவிடும். ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை முடித்தேன் என்ற ருசி முதலில் கிடைக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி. இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதலாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை எடுத்துக்காட்டி எல்லாரும் அதிகாலை நாலரைக்கே வேதத்தோடு உட்கார வேண்டும் என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. உங்கள் அம்மா அந்த நாலரைக்கு எழுந்து சமைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கு ஓட வேண்டியவர். அவர் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்ற எனக்கு மனமில்லை. கடிகாரத்தைப் பார்க்காமல், ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு வாசிப்பை முடிச்சுப் போடுங்கள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, முகம் கழுவி, தேநீர் குடித்து, உலையில் அரிசியைப் போட்ட பிறகு சோறு வேகும் வரைக்கும் ஒரு கால் மணி நேரம் இருக்கிறது. அது போதும். சோறு சமைக்காத நாள் கிடையாது. ஆகவே வாசிப்புக்கும் தனியாக ஞாபகம் தேவைப்படாது. வேதாகமத்தை அலமாரியில் துணி சுற்றி வைக்காமல் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அம்மாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்லப்போகும் முக்கியமான விஷயம். வாசிக்கத் தெரியாதவர் என்று அவரை ஒதுக்கிவிட்டு நீங்கள் மட்டும் வளர முயல்கிறீர்கள். உங்கள் வாசிப்பு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்று ரோமர் 10:17 சொல்கிறது. அங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறார். 1854இல் மிஷனரிகள் மலைநாட்டுத் தோட்டத் தமிழர்களிடையே ஊழியத்தைத் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தே போனார்கள். அவர்கள் வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. நம் சபைகள் காதால் வளர்ந்த சபைகள்.

செய்யவேண்டியது சிக்கலானதல்ல. அன்றைய அரை அதிகாரத்தைச் சத்தமாக இரண்டுமுறை வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். அம்மாவைத் தம் சொந்த வார்த்தையில் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் விட்டதை நீங்கள் சொல்லுங்கள். பிறகு இருவரில் யாராவது ஒரு கேள்வி கேட்க வேண்டும். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் திகதி, வாசித்த பகுதி, அந்தக் கேள்வி ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள். "இதில் எனக்கு என்ன பாடம்?" என்று உடனே எழுதப் பாயாதீர்கள். அப்படிப் பாய்கிறவர்களின் கொப்பிகளைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பகுதியை வாசித்தாலும் "நான் இன்னும் அதிகமாக ஜெபிக்க வேண்டும்" என்றே எழுதியிருப்பார்கள்.

ஒரு நாள் மாலையை உங்களுக்குக் காட்டுகிறேன். டிக்கோயாப் பக்கம் ஒரு லயக்காம்பராவில் மாற்கு இரண்டாம் அதிகாரம் வாசித்துக்கொண்டிருந்தோம். வெளியே மழை, தகரத்தில் விழும் சத்தத்தில் குரலை உயர்த்தித்தான் வாசிக்க முடிந்தது. மூலையில் ஒழுக்குக்கு ஒரு சட்டி வைத்திருந்தார்கள். நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்து, படுக்கையோடு இறக்குகிறார்கள். வாசித்து முடித்ததும், அதுவரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த ஒரு பாட்டி கேட்டார்: "அந்தக் கூரையைப் பிறகு யார் சரிசெய்து கொடுத்தது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை ஆண்டுகள் அந்தப் பகுதியைப் போதித்தும் அந்த வீட்டுக்காரனை நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை. கூரை ஒழுகுகிற வீட்டில் இருப்பவருக்கு மட்டுமே அவன் கண்ணில் படுகிறான். மாற்கு அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் பதில் தேடப்போய் அன்று நாங்கள் நிறையக் கற்றோம். லூக்கா 5:19ஐத் திருப்பினோம். அங்கே "தட்டோடுகள் வழியாய்" என்று இருந்தது. பலஸ்தீனத்து வீடுகளின் கூரை தட்டையானது, மரச் சட்டங்களின்மேல் கிளைகளைப் பரப்பிக் களிமண் பூசியது, ஏறுவதற்கு வெளியே படியும் இருக்கும் என்று நான் விளக்கினேன். அப்படியானால் உள்ளே இருந்தவர்கள் தலையிலெல்லாம் மண் கொட்டியிருக்கும் என்றான் ஒரு பையன். இயேசுவின் தலையிலும்தான். அப்படி மண் கொட்டிய பிறகும் அவர் முதலில் சொன்ன வார்த்தை "மகனே". அந்தப் பகுதியை இனி என்னால் மறக்க முடியாது. அந்தப் பையனாலும் முடியாது என்று நினைக்கிறேன்.

அதே இடத்தில் இன்னொரு சிக்கலும் வந்தது. திமிர்வாதக்காரன் என்றதும் ஒரு சிறுமி அவனைத் திமிர் பிடித்தவன் என்று எடுத்துக்கொண்டாள். திமிர் என்பதற்குப் பழைய பொருள் உணர்வற்று மரத்துப்போதல். திமிர்வாதம் என்றால் பக்கவாதம் போன்ற முடக்கம். நம் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் ஐயர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் முழுமையாக வெளிவந்தது. அதன் தமிழ் அழகானது, ஆனால் நூற்றைம்பது வயதானது. இதே அதிகாரத்தில் வரும் லேவி உட்கார்ந்திருந்த "ஆயத்துறை" வரி வசூலிக்கும் இடம். ஆயக்காரர் வரி வசூலிப்பவர்கள். வேதபாரகர் நியாயப்பிரமாணத்தைக் கற்றுத் தேர்ந்தவர்கள். கொப்பியின் கடைசிப் பக்கங்களை இப்படிப்பட்ட சொற்களுக்கென்று ஒதுக்குங்கள். புரியாத இடத்தில் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் போன்ற புதிய மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைத்தொலைபேசியில் இலவசமாகவே கிடைக்கிறது. மனப்பாடத்துக்குப் பழையது, விளங்கிக்கொள்ளப் புதியது என்பது என் வழக்கம்.

கைத்தொலைபேசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் வந்து விழும் பூப்படம் போட்ட வசனங்களைப் பார்ப்பது கற்றல் ஆகாது. வருடப் பிறப்பு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் அப்படித்தான். அதைக் குறை சொல்லவில்லை, என் வீட்டுச் சுவரிலும் ஒன்று தொங்குகிறது. ஆனால் அந்த வசனம் எந்தக் கடிதத்தின் நடுவிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது என்று பார்த்தீர்களா? எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவை சமாதானத்துக்கேதுவானவை என்ற அந்த வசனம் வராத வீடு இல்லை. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். ஒரு வசனம் முன்னால் போனால், எழுபது வருடம் ஆகும் என்கிறது. இன்னும் ஐந்து வசனம் மேலே போனால், அதுவரை அந்நிய மண்ணில் வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. சொந்தமாக ஒரு துண்டு நிலத்துக்குக் காத்திருக்கும் நம் மக்களிடம் அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள், வீட்டில் எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள் என்று. இந்த வருடம் உங்களுக்குக் கிடைத்த அட்டையின் அதிகாரம் முழுவதையும் ஒரு ஞாயிறு மாலை வாசியுங்கள்.

விட்டுப்போன நாட்களைப் பற்றி நீங்கள் கேட்டது முக்கியம். அம்மாவிடமே கேளுங்கள்: மழையால் ஒரு மலையில் கொழுந்து எடுக்கும் முறை தள்ளிப்போனால் இலை முற்றிவிடும். முற்றியதைப் பறித்துக் கூடையை நிரப்பினால் நிறுவையில் ஏறும், தொழிற்சாலையில் எடுபடாது. விட்ட நாட்களின் அதிகாரங்களை ஓரிரவில் சேர்த்து வாசிப்பதும் அப்படித்தான், என் நான்கு கோடுகளைப் போல. நேற்று விட்டுப்போனால் இன்றைக்குரியதை மட்டும் வாசியுங்கள். தேவனின் கோபத்தைப் பற்றிப் பயந்தால், மாற்கு 4:26 முதல் 29 வரை பாருங்கள். விதைத்தவன் தூங்குகிறான், எழுகிறான். அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைக்கிறது. தூங்கியதற்காக அவனை யாரும் திட்டவில்லை.

மனப்பாடத்துக்குச் சங்கீதம் 121. எட்டே வசனங்கள், வாரத்துக்கு ஒன்று என்றால் இரண்டு மாதம். எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்கள் பாடியவையாகக் கருதப்படும் 15 ஆரோகண சங்கீதங்களில் அது ஒன்று. ஏற்றம் ஏறுகிறவர்களின் பாட்டு. முன்பள்ளிக்கு நடக்கும் வழியில் சொல்லிக்கொண்டே போங்கள். உன் காலைத் தள்ளாடவொட்டார் என்ற மூன்றாம் வசனத்தை, மழைக்காலத்தில் பாசி பிடித்த லயத்துப் படிகளில் இறங்கும்போது சொல்லிப் பாருங்கள்.

கத்தோலிக்க வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு ஒவ்வொரு நாளுக்கும் திருப்பலி வாசகங்கள் வகுத்தே இருக்கின்றன. நற்செய்தி வாசகத்தை மட்டும் மேலே சொன்னபடி இரண்டுமுறை வாசித்துத் திரும்பச் சொன்னால் போதும், வேறு அட்டவணை தேட வேண்டியதில்லை.

கொப்பியில் சேரும் கேள்விகளை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் கொண்டுபோங்கள். ஒன்றிரண்டாகக் கொண்டுபோங்கள், அவர் அடுத்த தோட்டத்து ஆராதனைக்குப் போக அவசரத்தில் நிற்பார். தொந்தரவு என்று கூச்சப்பட வேண்டாம். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு வந்தபோது, வாசிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்டார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று அந்தப் பெரிய அதிகாரி வெட்கப்படாமல் சொன்னார். அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரம் அது. போதகருக்கும் பதில் தெரியாத கேள்வி வரலாம். அந்தப் பாட்டியின் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது.

மாற்கு முடிந்தால் லூக்கா, பிறகு அப்போஸ்தலர். லேவியராகமத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்துத் திரும்புங்கள். அப்போது முதலாம் அதிகாரத்தில் தொடங்காமல் பத்தொன்பதாம் அதிகாரத்தைத் திறந்து, பதின்மூன்றாம் வசனத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்கிறது அது. அன்றைக்குக் கேள்வியை அவரே கேட்பார். கொப்பியில் இரண்டு பக்கம் காலியாக வைத்திருங்கள்.