அபின் போர் முடிஞ்சு 180 வருஷத்துக்கு மேல ஆச்சு, வெளிநாட்டுக்காரங்க தங்களை ஆட்டிவெச்ச காலத்தை சீனாக்காரங்க இன்னும் ஏன் 'நூறாண்டு அவமானம்'னு பேசுறாங்க?

போர்ல தோத்ததை மட்டும்னா எந்த நாடும் ஒரு தலைமுறைல ஜீரணிச்சிடும்ங்க. அவங்களால ஜீரணிக்க முடியாதது அதுக்கப்புறம் கையெழுத்து வாங்கின காகிதத்தைத்தான்னு நான் நினைக்கிறேன்.

நான் துறைமுகத்துல கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை பாக்குறவன். கன்டெய்னர் வந்தா பில் ஆஃப் என்ட்ரின்னு இறக்குமதி விவரப் பத்திரம் போட்டு டூட்டி, அதாவது சுங்க வரி கட்டணும், அந்த ரேட்டை பட்ஜெட்ல ஏத்துவாங்க, இறக்குவாங்க, நாங்களும் திட்டிக்கிட்டே கட்டுவோம், ஆனா முடிவு பண்றது நம்ம நாடு. சீனாவுக்கு 80 வருஷத்துக்கு மேல அந்த உரிமையே இல்லாம இருந்துச்சு.

கதை தேயிலைல ஆரம்பிக்குது. பிரிட்டிஷ்காரங்க டீ வாங்க வெள்ளியா கொட்டிட்டு இருந்தாங்க, அதை ஈடுகட்ட கிழக்கிந்தியக் கம்பெனி பீகார், பனாரஸ் பக்கம் அபின் விளைய வெச்சு, கல்கத்தால ஏலம் விட்டு, வியாபாரிங்க வழியா சீனாவுக்குள்ள கடத்த விட்டாங்க. 1839-ல லின் செஷுனு ஒரு சீன அதிகாரி 20,000 பெட்டிக்கு மேல பிடிச்சார். ஹூமென் கடற்கரைல பெரிய குழி வெட்டி, உப்புத் தண்ணி நிரப்பி, அபின் உருண்டைய உடைச்சுப் போட்டு, மேல சுண்ணாம்பு கொட்டி, கரைஞ்சதும் கடல்ல விட்டாங்க, மூணு வாரம் ஆச்சு. அதுக்கு முன்னாடி, உன் தண்ணிய அசுத்தம் பண்றேன், மன்னிச்சிடுன்னு கடல் தெய்வத்துக்கிட்ட அவர் வேண்டிக்கிட்டாராம். இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ரொம்ப நேரம் வேற வேலை ஓடல.

அதுக்குத்தான் பிரிட்டிஷ் போர்க் கப்பல் வந்துச்சு. 1842 நான்கிங் ஒப்பந்தத்துல ஹாங்காங் போச்சு, அஞ்சு துறைமுகம் திறக்கணும், 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் கட்டணும், அதுல 60 லட்சம் அந்த அழிச்ச அபினுக்கே! அடுத்த வருஷ ஒப்பந்தத்துல டூட்டி சுமார் 5 சதவீதம்னு பூட்டிட்டாங்க, உள்ளூர் தொழிலைக் காப்பாத்த ஏத்தணும்னாலும் பிரிட்டிஷ்காரங்க சம்மதிக்கணும். வெள்ளைக்காரன் அங்க தப்பு பண்ணா சீனக் கோர்ட் விசாரிக்க முடியாது.

அப்புறம் கஸ்டம்ஸ் ஆபீஸே கைமாறிடுச்சு. ராபர்ட் ஹார்ட்னு அயர்லாந்துக்காரர் 1863-ல இருந்து 1911 வரைக்கும் அதுக்குத் தலைவர். நாணயமா நடத்தினார், கலங்கரை விளக்கமெல்லாம் கட்டினாங்க, அதை மறைக்க வேண்டாம். ஆனா ஒரு நாட்டோட சுங்க நாற்காலில 48 வருஷம் வெளிநாட்டுக்காரர் உக்காந்திருந்தார், அவருக்கு அப்புறம் வந்தவரும் வெளிநாட்டுக்காரர்தான். 1901-ல, வெளிநாட்டுக்காரங்களை எதிர்த்து நடந்த பாக்ஸர் கலவரத்துக்கு அபராதம் 45 கோடி டேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளி, அன்னைக்கு மக்கள்தொகைன்னு கணக்கு வெச்சதுக்கு ஆளுக்கு ஒரு டேல், 39 வருஷத் தவணை, அதுக்கு அடமானம் இதே சுங்க வருமானம். அப்போ சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசோட ஊழலும் மெத்தனமும் ஒரு காரணம்தான், இல்லைன்னு சொல்லல, ஆனா அதைத் திருத்திக்கத் தேவையான காசையே எடுத்துட்டுப் போயிட்டாங்களே. டூட்டி உரிமை 1928-30 வாக்குல திரும்பி வந்துச்சு, தனிக் கோர்ட் சலுகைய பிரிட்டனும் அமெரிக்காவும் விட்டது 1943-ல.

நம்ம பக்கத்து ஆளுங்களும் அந்த அபின் போர்ல பிரிட்டிஷ் படைல இருந்தாங்கங்க. 1841 மே மாசம் கான்டன் (இன்னைக்கு குவாங்சோ) நகரத்துப் பக்கத்துல சான்யுவான்லி கிராமத்து மக்கள் திரண்டு வந்தப்ப கொட்டுற மழைல வயல்ல மாட்டிக்கிட்டது 37-வது மெட்ராஸ் காலாட்படையோட ஒரு பிரிவு, வெடிமருந்து நனைஞ்சு துப்பாக்கி வெடிக்கல. மெட்ராஸ் படைல தமிழ், தெலுங்கு பேசுறவங்க நிறைய. அந்தச் சண்டைக்கு அங்க இன்னைக்கும் நினைவுச் சின்னம் இருக்கு.